மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு

கோட்டூர் பள்ளி ஆண்டு விழாவில்
பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள்:
"பாராலிம்பிக்கில் நம் நாடு."
மேடைக்கு ஐந்து படி.
சரிவுப் பாதை இல்லை.
பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள் நால்வர்
நாற்காலியோடு தூக்கினார்கள்.
ஒருவன் மூச்சில் புளியோதரை வாசம்.

சொன்னேன்.
அறுபத்தெட்டில் முதல்முறை போனோம்.
எழுபத்திரண்டில் முதல் தங்கம்.
கைதட்டினார்கள்.
எழுபத்தாறில் யாரும் போகவில்லை.
எண்பதிலும் யாரும் போகவில்லை.
தட்டுவதா வேண்டாமா என்று
ஆசிரியர்களின் முகத்தைப் பார்த்தது கூட்டம்.

எனக்கு எப்போதும்
அந்த இரண்டு காலி வரிகளில்தான் கண் நிற்கும்.
அந்த ஆண்டுகளில் மட்டும் நாட்டில்
யாருக்கும் கால் சூம்பாமல் இருந்ததா?
எங்கோ ஒருத்தி
அம்மிக் குழவியைக் கழுத்தோரம் அணைத்து
எறிந்து பார்த்திருப்பாள்.
யார் அளந்தது?
இதை மேடையில் சொல்லவில்லை.
தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மைதானம் பக்கிரிசாமியின் மூணு மா நிலம்.
உளுந்து பிடுங்கிய பின்
மேட்டூர் திறக்கும்வரை அது எனக்கு.
வெடித்த வயலில் நான்கு முளை அடித்து
எறிநாற்காலியை இழுத்துக் கட்டுவேன்.
கூத்தாநல்லூர் அன்வர்தீன் வெல்டிங் வைத்தது.
பழைய டிராக்டர் சீட்,
கேஜ் வீலில் அறுத்த கம்பி.
எழுபத்தைந்து சென்டிமீட்டருக்கு மேல்
உயரம் போகக் கூடாதென்றேன்.
"ஏன், பிளேன்ல இடிக்குமா?" என்றார்.
ஆனால் ஒரு நூல் பிசகவில்லை.

ஜூன் பன்னிரண்டு, அணை திறந்த சேதி வந்தால்
ஊர் நெல்லும் பூவும் எடுத்து ஆற்றுக்குப் போகும்.
நான் பட்டைகளை அவிழ்ப்பேன்.
தண்ணீரைத் திட்டிய ஒரே ஆள்
இந்தக் கடைமடையில் நானாகத்தான் இருப்பேன்.

ஒரு வருஷம் தண்ணீர் வரவில்லை.
பக்கிரிசாமி மதகடியில் நின்று அழுதார்.
நான் ஆகஸ்ட் முழுக்க எறிந்தேன்.
அந்த வருஷம்தான் ஏழு மீட்டர் தாண்டினேன்.
அதை அவரிடம் சொன்னதேயில்லை.

துனிஸில் முதலில் மேசைமேல் படுக்கவைத்தார்கள்.
இடுப்பைத் தட்டி, தொடையை மடக்கி,
எது அசையும் எது அசையாதென்று
மூன்று பேர் எழுதினார்கள்.
அத்தனை கவனமாக
எந்த டாக்டரும் என்னைப் பார்த்ததில்லை.
நான்காம் இடம்.
பதினெட்டு சென்டிமீட்டரில் போனது,
நடவில் ஒரு முடிக்கும் அடுத்த முடிக்கும்
விடுகிற இடைவெளி.
நான்காம் இடத்துக்குக் கொடி ஏறாது.
கிளம்பும்போது குளிர்ந்த மாவுபோல்
சுண்ணாம்பு ஒட்டியிருந்தது கழுத்தில்.
விமானத்திலும் துடைக்கவில்லை.

இன்னொரு வருஷம் தண்ணீர் முந்திக்கொண்டது.
மடை உடைந்து வயல் நனைந்தது தெரியாமல்
எறிந்த கடைசிக் குண்டு சேற்றில் இறங்கிற்று.
பக்கிரிசாமி முழங்கை வரை துழாவினார்.
நட்டாக வேண்டும், நட்டார்.
இரண்டு போகம் கழித்து
ரோட்டவேட்டர் கத்தி ஒன்று முறிந்தது.
கத்திக்குக் காசு கேட்கவில்லை அவர்.
குண்டை வாய்க்காலில் கழுவி,
துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்.
ரேஷன் கடைத் தராசில் வைத்தோம்.
மூன்று கிலோவுக்கு முப்பது கிராம் குறைவு.
மண் தின்ற பங்கு.
போட்டிக்கு இனி ஆகாது.

அதைத்தான் மடியில் வைத்துப் பேசினேன்.
இறக்கிவிட்ட பிறகு புளியோதரைப் பையன்
ஒரு கையால் வாங்கினான்.
கை தாழ்ந்தது. மறு கையையும் கொடுத்தான்.
"எவ்ளோ தூரம் போகும்க்கா?"

எட்டாவது வரிசையில்
சிவப்பு ரிப்பன் கட்டிய பெண்ணைக் காட்டினேன்.
அவள் அவசரமாகத்
தன் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டாள்.